பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம்: முதலில் சேணமா, லாயமா?

கேள்வி, ஜூன் 9, 2024

என் மகளுக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறையில் குதிரையேற்ற வகுப்பில் சேர்த்தோம். நாங்கள் போகும்போதே குதிரை சேணம் கட்டித் தயாராக நிற்கும். ஏற்றிவிடுவார்கள், அரை மணி நேரம் மைதானத்தைச் சுற்றி வந்ததும் இறக்கிவிடுவார்கள். குதிரையைத் தேய்த்துவிடட்டுமா, தீனி போடட்டுமா என்று அவள் கேட்டால், "அதெல்லாம் ஆள் பார்த்துக்குவாங்க பாப்பா" என்கிறார்கள். கட்டுகிற பணம் ஏறுவதற்குத்தானே, எல்லா இடத்திலும் இப்படித்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 9, இரவு

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது என்பதும் உண்மை. நான் கோவைப் பக்கம் ஒரு சிறிய லாயத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். எங்களிடம் வருகிற பிள்ளை முதல் சில வகுப்புகளில் குதிரை மேல் ஏறாது. குதிரை நிற்கும், பிள்ளையும் பக்கத்தில் நிற்கும். அதுவே பெரிய பாடம்.

குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி பார்க்கும். பார்க்க முடியாத இடம் இரண்டு: மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். பிள்ளைகள் ஆசையாக ஓடிவந்து கை நீட்டுவது அந்த மூக்குக்கு நேராகத்தான். குறுக்கு வழி என்று நினைத்து ஓடுவது அந்த வாலுக்குப் பின்னால்தான். அதனால் தோள்பட்டைப் பக்கமாகப் பேசிக்கொண்டே வருவது, கழுத்தில் கை வைப்பது, பின்பக்கம் போக வேண்டுமென்றால் கையை அதன் உடம்பிலேயே வைத்தபடி ஒட்டி நடப்பது, இவையெல்லாம் கை பழகிய பிறகுதான் மற்றது.

தேய்ப்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அழுக்குப் போவது அதில் கிடைக்கும் சின்னப் பலன். கழுத்திலிருந்து கால்வரை தினமும் ஒருவர் கையால் தடவினால்தான் நேற்று இல்லாத வீக்கம் இன்று தெரியும், சேணம் உரசிய இடத்தில் சூடு தெரியும், ஒரு காலைத் தொட்டால் காதைப் பின்னால் மடக்குகிறது என்பது தெரியும். உங்கள் மகள் தேய்க்கக் கேட்டாள் என்றால் அவளுக்குள் ஒரு நல்ல குதிரைக்காரி இருக்கிறாள். அந்த ஆசையை அணைக்க விடாதீர்கள்.

ஜூன் 11

"காசு கொடுத்துப் பிள்ளையைச் சாணி அள்ள அனுப்புவதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான், நேராகவே பதில் சொல்கிறேன்.

ஆமாம், அனுப்புங்கள். சாணியில்தான் குதிரையின் உடல்நிலை முதலில் தெரியும்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கும் தசைவளையம் அவ்வளவு இறுக்கமானது. போனது போனதுதான். இரைப்பையும் உடம்புக்குச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நார் செரிப்பதெல்லாம் பின்குடலில். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய்கிற மாதிரிதான் அதன் உடல் அமைந்திருக்கிறது. அதை ஒரு மூலையில் கட்டி, காலையும் மாலையும் ஒரு பெரிய அன்னக்கூடை தீனியைக் கொட்டினால் என்ன ஆகும்? குடலில் வாயு சேரும், அடைக்கும், சில நேரம் குடலே முறுக்கிக்கொள்ளும். இதைத்தான் கோலிக் என்கிறோம். குதிரைகள் சாவதற்கு இது பெரிய காரணங்களில் ஒன்று.

ஆரோக்கியமான குதிரை ஒரு நாளில் எட்டுப் பத்து முறை சாணி போடும். உருண்டையாக, விழுந்ததும் உடைகிற மாதிரி இருக்கும். காலையில் லாயத்தைக் கூட்டும் பிள்ளை, "மாஸ்டர், இன்னைக்கு ரெண்டு இடத்துலதான் இருக்கு, அதுவும் கெட்டியா இருக்கு" என்று வந்து சொன்னால், அந்தக் குதிரையைக் காப்பாற்ற எனக்கு நேரம் கிடைக்கிறது. முன்னங்காலால் மண்ணைப் பறிப்பது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, படுத்துப் புரள்வது எல்லாம் அதற்கப்புறம் வருகிற அறிகுறிகள்.

எங்கள் லாயத்தில் வேறொருவரைக் கூலிக்கு வைத்துச் சாணி அள்ளவும் முடியும். அள்ளினால் லாயம் சுத்தமாகும், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

ஜூன் 14

எங்கள் லாயத்தில் குதிரையின் உடல்நிலையைப் பிள்ளைகள் எழுதிவைக்கும் நோட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரிய விஷயமில்லை, நாற்பது பக்க நோட்டு. குதிரைக்கு ஒரு பக்கம். எழுதுவது மூன்று எண்கள்.

உடல் வெப்பம்: 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். இதை மட்டும் பெரியவர் பார்ப்பார், பிள்ளை எழுதும். நாடி: நிமிடத்துக்கு 28 முதல் 44. தாடை எலும்பின் உள்விளிம்பில் ஒரு ரத்தக்குழாய் கயிறு போல உருளும், அதை இரண்டு விரலால் மெல்ல அழுத்த வேண்டும். மூச்சு: நிமிடத்துக்கு 8 முதல் 16. விலா ஏறி இறங்குவதை எண்ணினால் போதும்.

அப்புறம் ஈறை அழுத்திப் பார்ப்பது. விரலை எடுத்ததும் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி ரோஜா நிறத்துக்கு வர வேண்டும். பின்விலாவில் காது வைத்துக் குடல் சத்தம் கேட்பது. பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் பிடிக்கும். கடகடவென்று கேட்டால் சந்தோஷம். ஒரு சத்தமும் இல்லையென்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம்.

ஜூன் 15

மேலே சொன்ன எண்கள் ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு. குட்டிக்கு நாடியும் மூச்சும் அதிகமாகவே இருக்கும். ஓடி வந்த குதிரைக்கும் அப்படித்தான். ஓட்டம் முடிந்து எவ்வளவு நேரத்தில் எண் பழையபடி இறங்குகிறது என்று பார்ப்பது பெரிய பிள்ளைகளுக்கான பாடம்.

அதோடு, எல்லாக் குதிரைக்கும் ஒரே எண் கிடையாது. அந்தக் குதிரையின் வழக்கமான எண் எது என்று தெரிந்திருந்தால்தான் மாறியது தெரியும். நோட்டு எழுதுவது அதற்காகத்தான்.

ஜூன் 23

"நம்ம ஊர்ல குதிரை ராஜா காலத்துலேர்ந்து இருக்கு, இதெல்லாம் வெள்ளைக்காரன் முறை" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

குதிரை இருந்தது. ஆனால் எப்படி இருந்தது? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த வெனிஸ் பயணி மார்கோ போலோ எழுதியது இது: இங்கே அரசனும் அவன் சகோதரர்கள் நால்வரும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகளை ஆண்டுதோறும் வாங்குகிறார்கள், ஆண்டு முடியும்போது நூறு கூட மிஞ்சுவதில்லை. காரணமும் சொல்கிறார். குதிரையைப் பராமரிக்க இங்கே யாருக்கும் தெரியவில்லை, லாடம் கட்டி வைத்தியம் பார்ப்பவர்களும் இல்லை. சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். இன்னொன்று அதைவிடக் கொடுமை. லாடக்காரர்கள் இங்கே வராமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் வரும்!

எண்களில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுப் படித்தாலும் மனசு வலிக்கிறது. அரபு நாட்டிலிருந்து கடலில் வந்த குதிரை, காயல் துறையில் இறங்கி, ஒரு வருடத்துக்குள் மண்ணாகியது. ஏறத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் போதவில்லை. பிற்காலத்தில் நம் ஊரில் அருமையான குதிரைக்காரர்கள் உருவானார்கள், அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் "வாங்குவது நாம், பார்ப்பது ஆள்" என்ற பழக்கம் நமக்குப் புதிதில்லை.

வெள்ளைக்காரன் முறை என்றால், பிரிட்டனில் 1929இல் ஆரம்பித்த போனி கிளப்பைச் சொல்லலாம். அங்கே படிப்படியாகத் தேர்வு உண்டு. ஏறுவதற்கு மட்டும் மதிப்பெண் கொடுத்து மேலே அனுப்ப மாட்டார்கள், குளம்பு, தீனி, சேணம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நல்லது எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்வேன்.

ஜூலை 2

எந்த வயதில் சேர்க்கலாம் என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். எட்டு வயது என்றுதான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். இப்போது எனக்கு அதில் இரண்டாவது யோசனை இருக்கிறது.

ஏறுவதற்கு எட்டு சரி. கால் சேணத்தின் இரு பக்கமும் இறங்கி நிற்க வேண்டும், சொன்னதைக் கேட்டு உடனே செய்கிற பக்குவம் வேண்டும். ஆனால் லாயத்துக்கு வர ஐந்து வயது போதும். தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது, புல்லில் பிளாஸ்டிக் பை, கம்பித் துண்டு கிடக்கிறதா என்று பொறுக்குவது, குதிரையின் காதைப் பார்த்து "இப்ப என்ன நினைக்குது?" என்று சொல்வது, இதெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளை நம்மைவிட நன்றாகச் செய்யும். காது முன்னால் குவிந்திருந்தால் எதையோ கவனிக்கிறது. பக்கவாட்டில் தொங்கினால் தூக்கமோ சோர்வோ. தலையோடு ஒட்டிப் பின்னால் மடங்கினால் விலகி நில். இதைப் படிக்கத் தெரிந்த பிறகு ஏறுகிற பிள்ளைக்குப் பயம் குறைவு. ஏறிய பிறகும் அந்த இரண்டு காதுகள்தானே கண்ணுக்கு எதிரில் இருக்கின்றன.

ஆனால் ஐந்து வயதுக்காரர்களுடன் எப்போதும் ஒரு பெரியவர் கை தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஜூலை 7

தீனி பற்றி. இது நீளமாகப் போகும்.

முதல் விதி, வைக்கோலோ புல்லோ உலர்புல்லோ, நார்தான் சாப்பாடு. காய்ந்த எடையில் கணக்கிட்டால் குதிரையின் உடல் எடையில் குறைந்தது 1.5 முதல் 2 சதவீதம் தினமும் வேண்டும். மற்றதெல்லாம் வேலைக்குத் தக்க மேல்தீனி. நம் பக்கம் மேல்தீனி என்றால் கொள்ளு. ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுக்கிறோம். நல்லதுதான், அளவோடு. வேலையே செய்யாமல் கட்டிக்கிடக்கும் குதிரைக்குத் தினமும் கொள்ளு கொடுத்துவிட்டு, "துள்ளுது, பிள்ளையைத் தள்ளுது" என்று குறை சொன்னால் அது குதிரையின் தப்பா?

அடுத்தது தவிடு. மலிவாகக் கிடைக்கிறது, குதிரையும் விரும்பித் தின்னும். ஆனால் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதையே அதிகமாகப் போட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும். முக எலும்பு பருத்து, தலை வீங்கிய மாதிரி ஆகும்.

எத்தனையோ பேருக்குத் தெரியாத இன்னொரு விஷயம். மாட்டுக்குப் போடுகிற கோ-4 மாதிரி நேப்பியர் வகைப் புல்லைக் குதிரைக்கும் வெட்டிப் போடுகிறோம். அந்தப் புல்லில் ஆக்சலேட் இருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் முன்வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதையே ஒரே தீனியாக மாதக்கணக்கில் போட்டால் தவிடு செய்கிற அதே கெடுதல்தான். குதிரைமசால் என்ற தீவனப் பயிரைக் கலந்து போடலாம், அதில் கால்சியம் நன்றாக இருக்கிறது. எவ்வளவு, தாது உப்பு எவ்வளவு என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீனியை மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். பின்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறந்தநாளுக்கு வரும் சொந்தக்காரர்கள் ரொட்டியும் கேக்கும் ஊட்டுவதைப் பிள்ளைகளே தடுக்கிறார்கள். "வாந்தி எடுக்க முடியாது மாமா, அதனால குடுக்கக் கூடாது" என்று ஒரு ஏழு வயதுப் பையன் விளக்கியதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

தண்ணீர் சாதாரண நாளில் 25 முதல் 45 லிட்டர் குடிக்கும். கோடையில் இன்னும் அதிகம்.

ஜூலை 8

எடை போடும் மேடை இல்லாமல் எடையை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டீர்கள். தையற்கார டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் ஏறக்குறைய 344 கிலோ.

இந்தக் கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் குச்சியால் போடுவார்கள். அடுத்த கேள்வி, இதன் முதுகில் எவ்வளவு எடை ஏற்றலாம்? உலகம் முழுக்கப் பரவலாகச் சொல்லும் வரம்பு உடல் எடையில் 20 சதவீதம், சேணத்தையும் சேர்த்து. 344 கிலோவுக்கு 69 கிலோகூட வராது. சேணம் எட்டு கிலோ என்றால் ஏறுகிறவர் அறுபதுக்குள். குதிரை மெலிந்திருந்தால், வயதானதாக இருந்தால் இன்னும் குறைவு.

இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளைகள் சுற்றுலாப் போன இடத்தில், பெரிய உடம்புக்காரர் மட்டக்குதிரை மேல் ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் வருத்தப்பட்டுப் பேசினார்கள். அவர்கள் வருத்தப்பட்டது எனக்கு நிறைவாக இருந்தது.

ஜூலை 21

சரி, ஏறுவதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்று புகார் வந்திருக்கிறது.

முதலில் நீளக் கயிறு. நான் நடுவில் நிற்பேன், குதிரை என்னைச் சுற்றி வட்டமாக நடக்கும், பிள்ளை மேலே இருக்கும், கையில் லகான் கிடையாது. கையை விரி, தோளைச் சுற்று, கண்ணை மூடி எந்தக் கால் தரையில் படுகிறது சொல். நடையில் நான்கு தாளம், ட்ராட் என்கிற துள்ளு நடையில் இரண்டு, கேன்டர் என்கிற மெல்லோட்டத்தில் மூன்று. இடுப்பு அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் கை எதையும் பிடிக்கத் தேவையில்லை. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அதுவரை லகானைக் கொடுத்தால் பிள்ளை அதைப் பேருந்துக் கம்பி மாதிரி பிடித்துத் தொங்கும். அந்தக் கம்பியின் மறுமுனை குதிரையின் வாயில் இருக்கிறது.

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகள் நம் வகுப்புகளுக்கு நிறைய வருகின்றன. அவை லகானில் இழுப்பு வந்தால் அதன்மேல் சாய்ந்து ஓடப் பழகியவை. பயந்த பிள்ளை இழுக்கும், குதிரை வேகமெடுக்கும், பிள்ளை இன்னும் இழுக்கும். மறுபயிற்சி கொடுக்காமல் அந்தக் குதிரையில் புதுப் பிள்ளையை ஏற்றுவது பெரிய ஆபத்து. வகுப்பில் சேர்க்கும்போது, "இந்தக் குதிரை முன்பு என்ன செய்துகொண்டிருந்தது? வயது என்ன?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதைத் தாண்டிய நிதானமான குதிரைதான் நல்ல ஆசிரியர்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடுமாம் என்று நம் ஊரில் பழமொழியே இருக்கிறது. சோம்பேறிகளைத் திட்டச் சொல்வது. நான் அந்தக் குதிரையின் பக்கம். வாயை மூடினால் திறந்து பார்க்க வேண்டும். குதிரையின் பல் வாழ்நாளில் பெரும்பகுதி மேலெழுந்து கொண்டே இருக்கும், அரைபட்டுக்கொண்டே இருக்கும். சமமாக அரைபடாவிட்டால் ஓரங்கள் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்து ராவிவிட வேண்டும். பல்லைச் சரிசெய்ததும் சமர்த்தாகக் கடிவாளம் வாங்கிக்கொண்ட குதிரைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 18

அந்தியூருக்குப் போய் வந்தேன். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் சந்தை. மார்வாரி, கத்தியவார், நாட்டுக்குதிரை, மட்டக்குதிரை என்று கண் நிறையப் பார்க்கலாம். பெரிய பிள்ளைகள் சிலரையும் பெற்றோரோடு கூட்டிப் போனோம். மார்வாரியின் காது நுனிகள் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

வாங்க வந்தவர்களில் பலர் முதலில் பார்த்தது சுழி. நெற்றியில் எத்தனை, கழுத்தில் எங்கே, எந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகாது. நம்பிக்கையை நான் பழிக்கவில்லை, என் வீட்டுப் பெரியவர்களும் பார்த்தவர்கள்தான். ஆனால் சுழி பார்த்துவிட்டுக் குளம்பைத் தூக்கிப் பார்க்காமல் பணத்தை எண்ணியவர்களைக் கண்டபோது தாங்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே கொடுத்த வேலை, தள்ளி நின்று நடையைப் பார்ப்பது. முன்னங்காலில் வலி என்றால் வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தலை தாழும். அரை மணி நேரத்தில் அவர்களே கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் செருப்பு, துணி, கை எல்லாம் கழுவாமல் லாயத்துக்குள் விடவில்லை. பல ஊர்க் குதிரைகள் கூடும் இடத்தில் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்று எளிதில் பரவும். தாடைக்குக் கீழே கட்டி வீங்கிச் சீழ் வைக்கும். பொதுத் தொட்டித் தண்ணீரும் ஒருவர் வாளியை இன்னொருவருக்குக் கொடுப்பதும் போதும். புதிதாக வாங்கிய குதிரையைக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். மூக்கு ஒழுகலோடு உடம்பில் புண்கள் தெரிந்தால் பிள்ளைகளைப் பக்கத்திலேயே விடாமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் அது.

ஆகஸ்ட் 20

பாதுகாப்புச் சாமான் பட்டியல் கேட்டவருக்குச் சுருக்கமாக.

குதிரையேற்ற ஹெல்மெட், தாடைப் பட்டி போட்டு. சைக்கிள் ஹெல்மெட் ஆகாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். குதிகால் வைத்த மூடிய காலணி வேண்டும், தட்டையான ஸ்போர்ட்ஸ் ஷூ, கால் ஊன்றும் வளையமான அங்கவடிக்குள் முழுக்க நுழைந்துவிடும், விழுந்தால் கால் மாட்டி இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் ரப்பர் வளையம் வைத்த அங்கவடி கிடைக்கிறது, அழுத்தம் வந்தால் கழன்றுவிடும். பிடித்து நடத்தும் கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். கம்பத்தில் கட்டும்போது சாக்கு தைக்கும் சணலில் ஒரு வளையம் போட்டு அதில் கட்டுங்கள். குதிரை மிரண்டு இழுத்தால் சணல் அறுந்துவிடும், கழுத்து தப்பும். லகானைக் கொண்டு கட்டவே கூடாது. டெட்டனஸ் ஊசி பிள்ளைக்கும் வேண்டும், குதிரைக்கும் வேண்டும்.

செப்டம்பர் 29

இரண்டு நாளாக ஒரே விஷயம் கேட்டுத் தனிச் செய்திகள்: "என் மகனை ஆசிய விளையாட்டுக்குத் தயார் செய்ய முடியுமா?" 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய ட்ரெஸாஜ் (குதிரையை நுட்பமாக நடத்திக் காட்டும் போட்டி) அணி தங்கம் வாங்கியதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நால்வரும் வாங்கியது. 1982க்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. எனக்கும் அன்று கண் கலங்கியது. பெங்களூரில் வளர்ந்த ஃபவாத் மிர்ஸா டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுவரை போனதும் அப்படித்தான்.

மகன் ஆசைப்பட்டால் தாராளமாகக் கனவு காணட்டும். உயர்மட்டப் போட்டிகளில் ஓடும் குதிரையை அவ்வப்போது மருத்துவர் குழு முன்னால் நடத்திக் காட்ட வேண்டும், நொண்டினால் போட்டியில்லை. பக்கத்திலேயே தூங்கி எழும் பராமரிப்பாளர் இல்லாமல் எந்தப் பதக்கமும் வந்ததில்லை.

பிள்ளை கல்லூரி வயதில் இருந்தால், கால்நடை மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் என்.சி.சி.யின் ரீமவுன்ட் அண்ட் வெட்டினரி என்ற குதிரைப் பிரிவு இருக்கிறது. அங்கே ஏற்றமும் பராமரிப்பும் சேர்த்தே கற்றுக்கொடுப்பார்கள். பணம் அதிகம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல வழி.

அக்டோபர் 6

எழுத வேண்டும் என்று ஜூனில் சொன்னதை இப்போது எழுதுகிறேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பாய். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். அவர் தாத்தா காலத்திலிருந்து குதிரையோடு வாழ்ந்த குடும்பம். இருட்டில் குதிரை நடந்து வரும் சத்தத்தைக் கேட்டே எந்த லாடம் தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். நான் வேலை பார்த்த ஒரு வகுப்பில், பணம் கட்டும் பிள்ளைகள் அவரை "ஏய்" என்று கூப்பிட்டார்கள். பெற்றோர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். நிர்வாகமும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அங்கிருந்து விலகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

"ஆள் பார்த்துக்குவாங்க" என்ற பேச்சில் என்னை உறுத்துவது இதுதான். அந்த லாயத்தில் குதிரையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அந்த ஆள்தான். அவரிடமிருந்து பிள்ளையைத் தள்ளி வைத்துவிட்டுக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கிறோம் என்கிறோம். எங்கள் லாயத்தில் பராமரிப்பவர்கள் வகுப்பு எடுக்கிறார்கள், பிள்ளைகள் அவர்களை மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். கட்டணத்தில் அவர்களுக்கும் ஆசிரியர் பங்கு உண்டு.

பாய் சொன்னதையெல்லாம் அப்படியே பின்பற்றுகிறேனா என்றால் இல்லை. சூடாக இருக்கும் குதிரை மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதே, நரம்பு பிடிக்கும் என்பார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு இது மாறிவிட்டது. வெயிலில் உழைத்து மூச்சு வாங்கும் குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க விடாமல் ஊற்றுவதுதான் வேகமான வழி. நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். உடம்பு காய்ந்து, மூக்கு விரிந்து, மூச்சு மட்டும் ஓடும். அவற்றுக்கு இந்தத் தண்ணீர்தான் உயிர். பாயிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. மறுநாள் ஊற்றிப் பார்த்துவிட்டு, மூச்சு இறங்குகிற நேரத்தைக் கவனித்துவிட்டு, "சரிப்பா, இனிமே இப்படியே செய்வோம்" என்றார்.

நவம்பர் 3

மழை பிடித்துக்கொண்டது. குளம்பு நாறுகிறது என்று எழுதியவருக்கு: அது த்ரஷ். குளம்புக்கு அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதியை ஃப்ராக் என்போம். அதன் பள்ளங்களில் ஈரமும் சாணியும் தங்கினால் கறுப்பாகக் கசிந்து அழுகல் நாற்றம் வரும்.

பிள்ளையே செய்யலாம், பக்கத்தில் ஒருவர் நிற்க. தோளில் இருந்து கையைக் கீழே வழித்துக்கொண்டு வந்து காலைத் தூக்கச் சொல்லுங்கள். கொக்கியைக் குதிகால் பக்கமிருந்து நுனியை நோக்கி மட்டும் இழுக்க வேண்டும், எதிர்ப்பக்கம் இழுத்தால் மெத்தையில் குத்தும். பள்ளங்களைச் சுத்தம் செய்து, துலக்கி, உலரவிட்டு, மருத்துவர் சொன்ன மருந்தைப் பஞ்சில் நனைத்து வையுங்கள். குதிரை காலை வெடுக்கென்று பறித்தாலோ, ரத்தம் வந்தாலோ, நடையில் தாங்கினாலோ நீங்களாக வைத்தியம் பார்க்க வேண்டாம்.

மருந்தைவிட முக்கியம் நிற்கிற இடம். சிமென்ட் தரையில் ஒரு பக்கம் சாய்வு வைத்து நீர் வடிய வழி செய்யுங்கள், தேங்காய் நார்க் கழிவோ மரத்தூளோ போட்டு ஈரமானதைத் தினமும் அள்ளுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும், மழை என்று தள்ளிப்போட வேண்டாம்.

வகுப்பு மழையில் நடக்குமா என்று கேட்டவர்களுக்கு: மைதானம் வழுக்கினால் ஏற்றம் கிடையாது. லாய வகுப்பு வழக்கம் போலக் காலை ஆறரைக்கு. ரப்பர் காலணியும் மாற்றுத்துணியும் கொடுத்து அனுப்புங்கள்.